மூன்றாவது விரல்

1951-ல் சாபிராவுக்குப் பதினெட்டு வயது. இண்டர்மீடியட் தேறியிருந்தாள். பழைய வண்ணாரப்பேட்டையில் அவர்கள் தெருவில் அந்தப் பரீட்சை எழுதிய முதல் பெண் அவள்தான் என்று அவளுடைய அத்தா பக்ருதீன் டீக்கடை டீக்கடையாகப் போய்ப் பெருமையடித்துவிட்டு வந்தார். பெருமையடிப்பது வேறு, மேலே படிக்க அனுப்புவது வேறு என்பது அவளுக்கு ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

அவள் படிக்க ஆசைப்பட்டது மனோதத்துவம். பி.ஏ.வில் அதையே முக்கியப் பாடமாக எடுக்கலாம் என்று கல்லூரியில் தர்க்கம் நடத்திய டீச்சர் ஒருநாள் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். இவளுக்குத் தூக்கம் போயிற்று. நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துத் திட்டம் போட்டாள். எந்தக் கல்லூரி, எத்தனை வருஷம், காலையில் எந்த டிராம், எங்கே இறங்கி எவ்வளவு தூரம் நடை, படித்து முடித்தபின் யாரிடம் போய் வேலை பழகுவது எல்லாம் அதில் இருந்தன. துப்பட்டி போர்த்திக்கொண்டுதான் போவேன் என்பதை மட்டும் அம்மா ரஹீமுன்னிசாவுக்காக இரண்டு தடவை எழுதியிருந்தாள்.

இந்தப் படிப்பு எதற்கு என்று கேட்டவர்களுக்கு அவள் பதில் சொல்லவில்லை. பதில் அந்த வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தது. அத்தாவின் தங்கை அஜீசா, சாபிராவுக்குக் குப்பி.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று அபாயச் சங்கு ஊதிப் பட்டணமே காலியானபோது, அஜீசா குப்பி கைக்குக் கிடைத்ததை மூட்டை கட்டிக்கொண்டு, ஐந்து வயது மகனோடு ரயிலேறினாள். போன ஊரில் காலரா. மகனை அங்கே அடக்கம் செய்துவிட்டு மூட்டையோடு மட்டும் திரும்பி வந்தாள். அதிலிருந்து ஆலைச் சங்கு ஊதினால் போதும், எழுந்து மூட்டை கட்ட ஆரம்பித்துவிடுவாள். சங்கோ ஒரு நாளைக்கு மூன்று தடவை. சொம்பு, சீப்பு, கொடியில் காயும் புடவை, எதுவும் தப்பாது. ஒரு தடவை பக்ருதீனின் வலது கால் செருப்பு மூட்டைக்குள் போய், அவர் அன்று வெறுங்காலோடு வேலைக்குப் போனார்.

ஜின்னு பிடித்திருக்கிறது என்றார்கள். தாயத்து கட்டினார்கள். தர்காவில் நாற்பது நாள் வைத்துப் பார்த்தார்கள். மூட்டையைப் பிடுங்கினால் குப்பி அலறுவாள், தெருவே கூடிவிடும். பத்து வயதில் சாபிரா ஒன்றைக் கண்டுபிடித்தாள். பிடுங்காமல் பக்கத்தில் உட்கார்ந்து, "குப்பி, இதுல இன்னா கீது, காட்டேன்?" என்று கேட்டால், குப்பி ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுவாள். கடைசிப் பொருள் வெளியே வருவதற்குள் மூச்சு சீராகிவிடும். ஏன் அப்படி என்று யாருக்கும் தெரியவில்லை. கேட்க வேண்டும் என்றுகூட வேறு யாருக்கும் தோன்றவில்லை. அதுதான் சாபிராவுக்கு ஆத்திரம்.

விண்ணப்பம் கொடுக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள். அத்தாவின் கையெழுத்து வேண்டும். புதன்கிழமை சாயங்காலம் பார்த்து, அம்மாவின் அண்ணன் ஹபீபுல்லா பழவேற்காட்டிலிருந்து ஒரு சம்பந்தத்தைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"பைத்தியத்தைப் பத்தின படிப்பாமே! ஏற்கெனவே வூட்ல ஒண்ணு கீது. பொண்ணு கேட்டு வர்றவன் இன்னா நெனப்பான்? குடும்பத்துக்கே அப்படின்னு பேரு கட்டிடுவான்" என்றார்.

"அதெல்லாம் படிக்கல மச்சான். போதும்னு அதுவே ஒத்துக்கிச்சி" என்றார் பக்ருதீன்.

சாபிரா சமையற்கட்டிலிருந்து ஓடி வந்தாள். "நான் எப்ப அத்தா ஒத்துக்கினேன்?"

"போன வாரம் சோறு துன்னும்போது, படிச்சது போதுமாம்மான்னு கேட்டேனே? நீ கம்முனுதானே இருந்தே?"

அன்றைக்குக் கோபத்தில் பேசாமல் இருந்தாள், அவ்வளவுதான். ஆனால் அவர்மேல் குற்றம் சொல்லியும் பயனில்லை. பக்ருதீன் தோல் தரகர். தோல் மண்டியில் விலையை வாய் திறந்து பேசமாட்டார்கள். இரண்டு பேரும் கை கொடுத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்து விலை சொல்வார்கள். பிடிக்கவில்லையென்றால் கையை உருவிக்கொள்ள வேண்டும். உருவாமல் சும்மா இருந்தால் சம்மதம். துண்டை எடுத்துவிட்டால் பேரம் முடிந்தது, அப்புறம் எவனும் பேச்சு மாறக் கூடாது. முப்பது வருஷம் இதிலேயே ஊறிய மனிதர் சோற்றுத் தட்டின் முன்னால் மகள் பேசாமல் இருந்ததையும் சம்மதமென்றே எடுத்துக்கொண்டுவிட்டார்.

மறுநாள் காலை அவர் புறப்படும்போது சாபிரா வாசலில் மறித்தாள். அவர் தோளிலிருந்த துண்டை எடுத்துத் தன் வலக்கைமேல் போட்டு நீட்டினாள்.

"இன்னாம்மா இது விளையாட்டு?"

"விளையாட்டு இல்ல அத்தா. பேரம். எத்தினி வருசம்னு சொல்லுங்க."

ரஹீமுன்னிசா தலையில் அடித்துக்கொண்டாள். "பொம்பளப்புள்ள மண்டிக்காரன் கணக்கா துண்டு போடுது பாரு!"

பக்ருதீனுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் நீட்டிய கையை மதிக்காமல் போக அவருக்குப் பழக்கமில்லை. துண்டுக்குள் கையை விட்டு ஒரு விரலைப் பிடித்தார். ஒரு வருஷம். சாபிரா வெடுக்கென்று உருவிக்கொண்டாள். மறுபடி உள்ளே விட்டு, இரண்டு விரலை அவர் உள்ளங்கையில் அழுத்தினாள். விடாமல் அழுத்திக்கொண்டே நின்றாள். அவர் சிரிப்பு நின்றது. மெல்லத் தன் கையை எடுத்துக்கொண்டார், துண்டை உதறித் தோளில் போட்டார், உள்ளே ஒரு நடை போய்விட்டு வந்து தெருவில் இறங்கினார்.

பேரம் முறிந்தது. உள்ளே வந்து பார்த்தால் அலமாரியில் வைத்திருந்த திட்டத் தாளையும் காணவில்லை. விண்ணப்பத்தையும் காணவில்லை. கிழித்துப் போடத்தான் எடுத்துப் போயிருக்கிறார் என்று நினைத்து சாபிரா அழுதாள். மத்தியானம் மண்டி ஆள் ஒருவன் வந்து, "பாய் இன்னிக்கி மண்டிக்கே வரலியே, உடம்பு கிடம்பு சரியில்லியா?" என்று விசாரித்துவிட்டுப் போனான். வீட்டில் ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை.

சாயங்காலம் வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார் பக்ருதீன். ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்தார்.

"இதுல எழுதிக்கீறபடியே டிராம் ஏறி, எறங்கி, நடந்து பாத்தேன். நடை நீ எழுதினத வுட ஜாஸ்தி. அத மட்டும் திருத்திக்கோ."

சாபிரா தாளை வாங்கிக்கொண்டாள்.

"அங்க புரொபசரம்மா ஒருத்தங்க இருந்தாங்க. என் தங்கச்சி சங்கு ஊதினா மூட்டை கட்டுறா, அது உங்க படிப்புல வருமான்னு கேட்டேன். நாற்காலி போட்டு உக்கார வெச்சி, ஒரு மணி நேரம் கேட்டுக்கினு இருந்தாங்க. ஒம்போது வருசத்துல ஜின்னுன்னு சொல்லாத மொத ஆளு அவங்கதான். பக்கத்துல உக்காந்து காட்டச் சொல்லி கேக்கணும்னு யாரு சொல்லிக்குடுத்ததுன்னாங்க. என் பொண்ணு அதுவா கண்டுபுடிச்சிதுன்னேன்."

"அப்ப பழவேற்காட்டுக்காரங்களுக்கு இன்னா பதில் சொல்றது?" என்று ஹபீபுல்லா பதறினார்.

"காத்துகினு இருந்தா சந்தோசம். இல்லாங்காட்டி வேற எடம் பாத்துக்கட்டும்." பக்ருதீன் துண்டைக் கைமேல் போட்டு மகளிடம் நீட்டினார்.

சாபிரா கையை உள்ளே விட்டாள். முதல் விரலைப் பிடித்தார். இரண்டாவதைச் சேர்த்துப் பிடித்தார். விடாமல் மூன்றாவது விரலையும் சேர்த்து இறுக்கினார். அவர் தவறிப் பிடித்துவிட்டார் என்று நினைத்தாள் அவள்.

"அத்தா, பி.ஏ. ரெண்டே வருசம்தான்."

"ஆனர்ஸ்னா மூணாம். ஆழமா படிக்கணும்னா அதான் எடுக்கணும்னாங்க அந்தம்மா. நீ ஏன் கொறச்சி கேட்ட?"

மூன்று கேட்டால் ஒன்றுகூடக் கிடைக்காது என்று பயந்துதான் அவள் குறைத்துக் கேட்டிருந்தாள். கையை உருவாமல் அப்படியே நின்றாள்.

அப்போது சங்கு ஊதியது. அஜீசா குப்பி விருட்டென்று எழுந்தாள். சீப்பை எடுத்தாள், சொம்பை எடுத்தாள். நேரே வந்து இரண்டு பேர் கைமேலும் கிடந்த துண்டை இழுத்து எடுத்து, சுருட்டி மூட்டைக்குள் வைத்தாள்.

பக்ருதீன் வாய்விட்டுச் சிரித்தார். சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வழிந்தது. "துண்ட எடுத்தாச்சி மச்சான். இனிமே யாரும் பேச்சு மாறக் கூடாது" என்றார். பேனாவை வாங்கி, பையிலிருந்த விண்ணப்பத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

குப்பி மூட்டையை இறுக்கி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். சாபிரா வழக்கம்போல அவளிடம் போகத் திரும்பினாள். அதற்குள் அத்தா முந்திக்கொண்டு போய்த் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"அஜீசா, இதுல இன்னா கீது, எனக்குக் காட்டேன்?"

குப்பி அண்ணனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு முடிச்சை அவிழ்த்தாள்.