பந்து அறையில் பருப்பு மூட்டை

விளையாட்டு டீச்சருக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. அவர் ரகசியம் சொன்னால் பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர்களும் தலையாட்டுவார்கள். திங்கட்கிழமை ஓட்டத்தில் பிள்ளைகள் சுருண்டு விழுவதற்கு வெயில் காரணமில்லை, வெறும் வயிறுதான் என்று தெரிந்ததும், பந்து அறை அலமாரியில் பிஸ்கட்டும் கடலையும் வாங்கி வைத்தார். அதைப் பற்றி ஒரு வருஷம் மூச்சுவிடவில்லை. அவரைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய சாதனை என்பது புரியும்.

பிள்ளைகள் தம்பி தங்கைக்கும் கேட்டார்கள். அரிசியும் பருப்பும் உள்ளே வந்தன, பந்துகள் வராந்தாவுக்குப் போயின. பிறகு சனிக்கிழமைகளில் தெருப்பக்கக் கதவையும் திறந்துவைத்தார், அக்கம்பக்கத்தில் யாரும் வரலாம் என்று. ஒருவரும் வரவில்லை.

எதிரே ஒரு தையல்காரர் மட்டும் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார். மூன்றாம் வகுப்புப் பெண்ணின் அப்பா. கடையை மூடி இரண்டு மாதம். நாலு பேர் பார்த்தால் என்ன ஆகும் என்ற கூச்சம் நடையிலேயே தெரிந்தது. டீச்சருக்கு மனசு கேட்கவில்லை.

"அண்ணே! சும்மாதானே நடக்கறீங்க? இந்த மூட்டையை ஒரு கை பிடிங்க, என் இடுப்பு போச்சு!"

தெருவே திரும்பிப் பார்த்தது. உதவிக்கு வந்தவராக உள்ளே போனவர், வெளியே வரும்போது வீட்டுக்கும் ஒரு பை எடுத்துப்போனார். அடுத்த வாரமே பள்ளியின் பழைய கூடாரத் துணியில் நூறு நீலப் பைகள் தைத்துவிட்டார். கொண்டுவருபவருக்கும் கொண்டுபோகிறவருக்கும் ஒரே மாதிரிப் பை. யார் கொடுக்கிறார், யார் வாங்குகிறார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. கூட்டம் ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் வர ஆரம்பித்தது.

ஐம்பத்து நாலு வயதில் நீளம் தாண்டிக் காட்டி டீச்சர் காலை உடைத்துக்கொண்டார். ஒப்பந்த வேலை, போனால்தான் சம்பளம். மூன்றாவது வாரம் வீட்டு அரிசி டப்பாவின் அடி தெரிந்தது. யாரிடமும் சொல்லவில்லை. அந்தச் சனிக்கிழமை தையல்காரர் இரண்டு நீலப் பைகளோடு வாசலில் நின்றார்.

"எனக்கு எதுக்குண்ணே? இல்லாதவங்களுக்குக் கொடுங்க."

"உங்களுக்குன்னு யாரு சொன்னா? இதுல பருப்பு. உட்கார்ந்து கல்லு பொறுக்க ஆள் வேணும்."

"அந்த இன்னொரு பை?"

"திரும்பத் தூக்கிட்டுப் போக முடியாது டீச்சர். இடுப்பு போச்சு."

டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது, சிரிப்பும் வந்தது. ஊரில் அத்தனை பேர் வாங்குவதையும் மறைத்துக் காத்தவர், தன் முறை வந்ததும் தெருமுனை வரை கேட்கக் கத்தினார்:

"சரிண்ணே, வாங்கிக்கறேன்! உள்ள வைங்க!"