டிக்கெட்லயே இருந்த உப்புமா

எங்கப்பா வாழ்க்கையில ரெண்டே முறைதான் ப்ளைட் ஏறினாரு. ஒண்ணு போறதுக்கு, ஒண்ணு வர்றதுக்கு. வர்றப்ப அவரு தின்ன ஒரு டப்பா உப்புமாவுக்குத்தான் என் தங்கச்சியைக் குடுத்தோம். வேற யாராவது வந்து இப்படிச் சொன்னா, "போய் வேலையைப் பாரு"ன்னு சிரிச்சிட்டுப் போயிருப்பேன். ஆனா நானே கூட இருந்தேன், நானே பாத்தேன், நானே கத்தினேன். கத்தி என்ன பிரயோஜனம்.

எங்க வீடு திண்டிவனத்துல. அம்மா போய்ச் சேர்ந்து ரொம்ப வருஷமாச்சு. அப்பா மண்டியில மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, மூட்டை எடை போடற ஆளு. எங்க தெருவுல ஒரு சண்டை சச்சரவுன்னா அவரைத்தான் கூப்பிடுவாங்க. "அவரு சொன்னா சொன்னதுதான்"னு பேரு. ஊருக்கு நல்லவனா இருக்கறவன் வீட்டுல பொறந்து பாருங்க, அப்பத் தெரியும் அந்த நல்ல பேருக்கு யாரு சோறு போடறாங்கன்னு. நான் விழுப்புரத்துல வாக்கப்பட்டுப் போயிட்டேன். தங்கச்சி பாண்டிச்சேரியில ஒரு ஆஸ்பத்திரியில நர்ஸ்.

அவளுக்கு ஒரு சம்பந்தம் வந்துச்சு. புள்ளை வீட்டுக்காரங்களுக்குப் பூர்வீகம் விழுப்புரம். புள்ளைக்கு ஐதராபாத்துல வேலை, அம்மாவும் அவனோட அங்கயே. சம்பந்தத்தைக் கொண்டுக்கினு வந்தது அவனோட தாய்மாமன். விழுப்புரத்துல சிமெண்ட் கடை வச்சிருக்கற ஆளு. நாக்குல தேன் தடவிக்கினு பேசுவாரு. முத நாளே எங்கப்பாவை "சம்பந்தி"ன்னு கூப்பிட்டாரு. "இன்னும் முடியலீங்களே"ன்னு நான் சொன்னதுக்கு, "முடிஞ்சிடும்மா, முடிஞ்சிடும்"னு சிரிச்சாரு. எனக்கு அன்னிக்கே அந்தச் சிரிப்பு புடிக்கல.

எங்க பக்கத்துல ஒரு பழக்கம் உண்டு. பொண்ணு வீட்டுக்காரங்க மாப்பிள்ளை வீடு பாக்கப் போனா, தண்ணி குடிக்கலாம், அவ்வளவுதான். சம்பந்தம் புடிச்சு, மனசு ஒத்துப்போனாதான் அங்க இலையில உக்காந்து கை நனைப்பாங்க. கை நனைச்சாச்சுன்னா பேச்சு முடிஞ்சுது, அப்புறம் மாத்த முடியாது. புடிக்கலைன்னா பட்டினியா எழுந்து வந்துடணும். எங்கப்பா இதுல ரொம்ப கெட்டி. எங்க சொந்தத்துல ஒருத்தரு மாப்பிள்ளை வீட்டுல வடை பாயசத்தோட சாப்ட்டுட்டு வந்து, அப்புறம் வேற எடம் பாத்தாரு. அந்தப் பஞ்சாயத்துல எங்கப்பாதான், "தின்னுட்டு மாத்திப் பேசறவன் மனுஷனா?"ன்னு தெருவுல நிக்க வச்சுக் கேட்டாரு. அந்த ஆளு அதுக்கப்புறம் எங்க வீட்டுப் பக்கம் வரவே இல்ல.

ஐதராபாத்துக்கு ரயில்ல போலாம்னு இருந்தோம். தாய்மாமன்தான் போன்ல, "ஒரு மணி நேரத்துல பறந்து வந்துடலாம், காலையில வந்து சாயங்காலம் திரும்பிடலாம், டிக்கெட்டை நானே போட்டுடறேன்"னாரு. "போடுங்க, ஆனா காசு எங்களுது"ன்னு அப்பா சொல்லிட்டாரு. ஒத்தப் பைசா பாக்கி வைக்காம அன்னிக்கே குடுத்து அனுப்பினாரு. மாப்பிள்ளை வீட்டுக் காசுல ஏறினா அதுவும் ஒரு கடன்தானேன்னு என்கிட்ட பெருமையா வேற சொன்னாரு.

முந்தின நாளு தங்கச்சி எனக்குப் போன் பண்ணா. "அக்கா, எனக்கு வீடு வாசல் எதுவும் வேணாம். அந்த ஆளு கை நீட்டறவனான்னு மட்டும் பாத்துட்டு வா. ஆஸ்பத்திரியில தெனம் பாக்கறேன், மாடிப்படியில வழுக்கி விழுந்தேன்னு வர்றவளுங்கள"ன்னா. "நான் பாத்துக்கறேன், நீ நிம்மதியா டூட்டிக்குப் போ"ன்னேன்.

போறப்ப ப்ளைட்ல எனக்கும் அப்பாவுக்கும் வேற வேற சீட்டு. பக்கத்துப் பக்கத்துல வேணும்னா அதுக்கும் தனியாக் காசாம். "இதுல சாப்பாடெல்லாம் காசுப்பா, எதையும் வாங்கிடாத"ன்னு ஏறும்போதே சொன்னேன். நான் சொன்னா நம்பற ஆளா அவரு? கோட்டக்குப்பத்துல அவருக்கு ஒரு சினேகிதரு, துபாய்ல இருந்து வந்தவரு. "ப்ளைட்ல ராஜ உபசாரம், சாப்பாடு, ஜூஸ், எல்லாம் சும்மா"ன்னு அவரு சொல்லியிருந்தாரு. அது தூரதேசத்து ப்ளைட். இது நம்ம ஊரு பஸ் மாதிரி ஏறி எறங்கறது. போதாக்குறைக்கு, அப்பாவுக்குப் பக்கத்து சீட்டுல இருந்தவன் டிக்கெட் எடுக்கும்போதே சாப்பாட்டுக்கும் காசு கட்டியிருக்கான். ப்ளைட்ல பரிமாறற பொண்ணு வந்து பேரைக் கேட்டு டப்பாவை நீட்டிட்டுப் போயிருக்கு. அவன் பர்ஸைத் தொடவே இல்ல. அதை எங்கப்பா கண்ணால பாத்துட்டாரு. கண்ணால பாத்தப்புறம் பெத்த மக பேச்சு எதுக்கு? வீட்டுல இருந்து கட்டிக்கினு போன புளிச்சோத்தைத் தின்னுட்டு, வந்த பொண்ணுகிட்ட "வேணாம்மா, நம்ம சோறு இருக்கு"ன்னு பெருந்தன்மையாச் சொல்லி அனுப்பிட்டாரு. இதெல்லாம் அப்புறம்தான் எனக்குத் தெரிஞ்சுது.

அந்த வீடு நல்ல வீடுதான். மாடியில, பளிங்குத் தரை. புள்ளையும் பாக்க லட்சணம்தான். அவங்கம்மா காபி கொண்டுக்கினு வந்தாங்க. நாங்க கும்பிட்டு வேணாம்னோம். புள்ளைக்குக் குடுத்தாங்க. அவன் ஒரு வாய் குடிச்சிட்டு டம்ளரைக் கீழ வச்சான். அம்மாவை நிமிந்து ஒரு பார்வை பாத்தான், அவ்வளவுதான். அந்தம்மாவுக்குக் கை நடுங்க ஆரம்பிச்சிடுச்சு. "சூடு பண்ணிட்டு வந்துடறேன், இதோ, இதோ"ன்னு ஜல்தியா உள்ள ஓடினாங்க. பெத்த புள்ளைக்கு எவளாவது அப்படிப் பயப்படுவாளா?

நான் பாத்ரூம் போற சாக்குல உள்ள போனேன். படுக்கை ரூம் கதவுல பூட்டு இருக்க வேண்டிய எடத்துல மரம் பொளந்து கெடந்துச்சு. உதைச்ச கதவு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும், நான் பாக்காத கதவா. திரும்பினா அந்தம்மா பின்னாடி நிக்கறாங்க. "காத்துல அடிச்சிக்கிச்சும்மா"ன்னாங்க. நான் எதுவும் கேக்கவே இல்ல.

எங்களுக்கு முன்னாடியே அங்க வந்திருந்த தாய்மாமன் அப்புறம் எங்களை விடவே இல்ல. கார்ல ஏத்திக்கினு புள்ளை வேலை செய்யற கட்டடத்தைக் காட்டறேன், வாங்கப் போற மனையைக் காட்டறேன்னு சுத்தினாரு. வெளிய எங்கயாவது ஓட்டல்ல சாப்ட்டுக்கலாம்னு பாத்தா, "டைம் ஆச்சு, டைம் ஆச்சு"ன்னு நேரா ஏர்போர்ட்டுக்கே வந்துட்டாரு. கடையைப் பாக்கணும்னு அவரும் எங்க கூடவே ஊருக்குத் திரும்பறாரு. அப்பாவுக்கு சர்க்கரை வேற, முகம் வெளுத்துப் போச்சு. ஏர்போர்ட்டுல இட்லி வாங்கித் தர்றேன்னேன். பலகையில எழுதியிருந்த விலையைப் பாத்துட்டு, "இந்தக் காசுக்கு நம்ம தெருவுக்கே டிபன் போடலாம், சும்மா இரு"ன்னு எரிஞ்சு விழுந்தாரு.

தாய்மாமன் போன் பேச அந்தாண்ட போனப்ப எல்லாத்தையும் அப்பாகிட்ட சொன்னேன். காபி, கை நடுக்கம், கதவு. பொறுமையாக் கேட்டுக்கினாரு. "வேணாம்மா. என் பொண்ணை இங்க தள்ள மாட்டேன்"னாரு. எனக்கு உசுரே வந்துச்சு. "இப்பவே சொல்லிடுப்பா"ன்னேன். "மூஞ்சிக்கு நேரா சொன்னா மனசு நோவும். ஊருக்குப் போய் ஜாதகம் பொருந்தலைன்னு பதமாச் சொல்லிக்கலாம்"னாரு. அந்தப் பதம் இருக்கே, அதை நெனச்சா இப்பவும் எனக்கு வயிறு எரியுது.

வர்ற ப்ளைட்ல அவங்க ரெண்டு பேரும் முன்னாடி பக்கத்துப் பக்கத்து சீட்டு. நான் வால் பக்கம். அது தானா விழுந்த சீட்டுன்னு நெனச்சேன். சாப்பாட்டு வண்டியைத் தள்ளிக்கினு ஒரு பொண்ணு வந்துச்சு. எட்டிப் பாக்கறேன், அப்பா கையில டப்பா. மூடியைப் பிரிச்சு, சுடுதண்ணி ஊத்தி, தாய்மாமனே கலக்கிக் குடுக்கறாரு. ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம்!

எழுந்திரிச்சேன். ப்ளைட் குலுங்குது, பெல்ட்டைப் போட்டுக்கினு உக்காருங்கன்னு இன்னொரு பொண்ணு என் தோளை அமுக்குது. "அப்பா! அப்பா, சாப்பிடாத!"ன்னு கத்தினேன். மொத்த ப்ளைட்டும் திரும்பிப் பாத்துச்சு. அப்பாவும் திரும்பினாரு. வாய் நெறய உப்புமா. பசி தீர்ற மனுஷனோட சந்தோஷம் மூஞ்சியில. கரண்டியைத் தூக்கிக் காட்டி, "நீயும் வாங்கிக்கம்மா, எல்லாருக்கும் சும்மாதான் குடுக்கறாங்க!"ன்னாரு. நாலு பேரு சிரிச்சாங்க. என் பக்கத்துல இருந்தவரு காசு குடுத்து வாங்கின சாண்ட்விச்சைப் பாத்துட்டு என்னைப் பாத்தாரு.

அப்பா ஒண்ணும் முழு முட்டாள் இல்ல. வாயில வைக்கறதுக்கு முன்னாடி தாய்மாமனைக் கேட்டிருக்காரு, "இது யாரு குடுக்கறது?"ன்னு. "சாப்பிடுங்க, டிக்கெட்லயே இருக்கு"ன்னு அவரு சொல்லியிருக்காரு. பசி வந்தா பத்தும் பறந்து போகும்னு சொல்லுவாங்க. அன்னிக்கு அப்பாவே பறந்துக்கினு இருந்தாரு, பத்து எந்த மூலைக்கு?

சென்னையில எறங்கி வெளிய வந்தோம். தாய்மாமன் போனைப் போட்டாரு, ஊருக்கே கேக்கற மாதிரி. "அக்கா, முடிஞ்சுதுக்கா. சம்பந்தி கை நனைச்சிட்டாரு." "ப்ளைட்காரன் குடுத்த சோறு அது! உன் வீட்டு சோறா?"ன்னு நான் பாய்ஞ்சேன். அந்த ஆளு கோவமே படல. "ப்ளைட்காரன் எங்கம்மா சோறு குடுக்கறான்? இத்துனூண்டு தூரத்துக்குத் தண்ணியைத் தவிர எல்லாத்துக்கும் காசு. நீ படிச்சவதானே, உனக்கே தெரியுமே. உங்கப்பாகிட்ட டிக்கெட் காசு மட்டும்தான் வாங்கினேன். சோத்துக்கு டிக்கெட் போடறப்பவே நான் கட்டிட்டேன். எங்க காசு, எங்க கையால கலக்கிக் குடுத்த சோறு. அதை வீட்டுல தின்னா என்ன, ஆகாசத்துல தின்னா என்ன?"ன்னாரு. டிக்கெட் போடறப்பவேன்னா என்ன அர்த்தம்? நாங்க வீட்டைப் பாக்கறதுக்கு முன்னாடியே. பாத்தா என்ன சொல்லுவோம்னு அந்த ஆளுக்குத் தெரிஞ்சிருக்கு. எங்களுக்கு முன்னாடி வந்த பொண்ணு வீட்டுக்காரங்க எல்லாம் பட்டினியாவே எழுந்து போனவங்கதான்னு அப்புறம் விசாரிச்சதுல தெரிஞ்சுது.

"தெரியாம தின்னுட்டேன், மன்னிச்சிக்குங்க, எங்களுக்கு வேணாம்"னு ஒரு வார்த்தை. அதைச் சொல்ல எங்கப்பாவுக்கு வாய் வரல. திண்டிவனம் வர்ற வரைக்கும் பஸ்ல ஜன்னலைப் பாத்துக்கினே வந்தாரு. நாங்க போய்ச் சேர்றதுக்குள்ள சேதி தெருவுக்கு வந்துடுச்சு. "ஜாதகம் பொருந்தல"ன்னு மெதுவா ஆரம்பிச்சாரு. "பொருந்தாத ஜாதகத்துக்கு நீ ஏன்யா சாப்ட்ட?"ன்னு சொந்தக்காரன் ஒருத்தன் கேட்டான். அவ்வளவுதான், அடங்கிட்டாரு. நானும் விடல. கதவைப் பத்திச் சொன்னேன், கத்தினேன், காலைக் கூட புடிச்சேன். "பேஜாரு பண்ணாத. நான் ஒருத்தனைத் தெருவுல நிக்க வச்சுக் கேட்டவன். எனக்கு மட்டும் ஒரு நியாயமா?"ன்னாரு. நியாயம்! மகளை வெட்டிப் போட்டுட்டு நியாயத்தைத் தூக்கி மடியில வச்சிக்கினாரு.

தங்கச்சி டூட்டி முடிச்சு வந்தா. நான் எல்லாத்தையும் சொன்னேன். அவ என்னைப் பாக்கல, அப்பாவையே பாத்தா.

"என்ன சாப்பாடுப்பா?"ன்னா.

"உப்புமா."

"நல்லா இருந்துச்சா?"

அந்த மனுஷன் நெஜமாவே யோசிச்சாரு. "உப்பு கம்மி"ன்னாரு.

அவ வேற ஒண்ணும் கேக்கல. மாட்டேன்னும் சொல்லல. நிச்சயத்துல சொல்லல, விழுப்புரத்துல மண்டபம் பாத்தப்ப சொல்லல. மணையில உக்காந்தப்பகூட தலையைக் குனியாம நேரா பாத்துக்கினு இருந்தா. "வெக்கமே இல்ல பாரு"ன்னு பொம்பளைங்க பேசிக்கினாங்க. நானும் அவ மேல கோவமாத்தான் இருந்தேன். சம்பாதிக்கறவ, ஒரு வார்த்தை முடியாதுன்னா யாரு என்ன பண்ண முடியும்னு எனக்கு எரிச்சல்.

வருஷம் திரும்பறதுக்குள்ள வந்துட்டா. இடது கை மணிக்கட்டுல மாவுக்கட்டு, காதுல ஒரு பக்கம் சரியாக் கேக்கல. மாடிப்படியில விழுந்தேன்னு அவ சொல்லல, அந்த மட்டும் மானம் இருந்துச்சு. "அடிச்சான்"னு சொன்னா. கேஸ் நடக்குது. தாய்மாமன் பேச வந்தாரு, நான் வாசலோடயே அனுப்பிட்டேன். என்ன வார்த்தை சொல்லி அனுப்பினேன்னு இங்க எழுத முடியாது.

அப்பா ரொம்ப நாளு அவகிட்ட பேசவே இல்ல. ஒருநாள் சோத்துத் தட்டை அவ முன்னாடி வச்சிட்டு, பக்கத்துலயே உக்காந்தாரு. எனக்குத் தெரியும், அழுவாருன்னு. அழுதாரு. அழுதுக்கினே கேட்டாரு, "ஏம்மா, எனக்குத்தான் புத்தியில்ல. நீ படிச்ச பொண்ணு, நீயாவது அன்னிக்கே மாட்டேன்னு சொல்லியிருக்கக் கூடாதா?"

அவ கேக்கற காதை அவரு பக்கம் திருப்பி வச்சிக்கினு, முழுசாக் கேட்டா.

"நீ சொல்லுவேன்னு பாத்துக்கினு இருந்தேன்பா. தாலி கட்டற வரைக்கும் உன் மூஞ்சியையேதான் பாத்துக்கினு இருந்தேன்"னா.