கேணல் இறங்கிப் போன பக்கம்

"கப்பல் படிக்குக் காவல் நிண்ட ஒராளின்ரை கதையை வைச்சோ நீர் ஒரு ராணுவச் சதியை ஆராயப் போறீர்?" என்று என் விரிவுரையாளர் கேட்டார். கோபமாக அல்ல, சிரித்துக்கொண்டுதான் கேட்டார். அந்தக் காவலாள் அம்மாவின் அண்ணன், என் மாமா என்று நான் அப்போது சொல்லவில்லை. எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அதைச் சொல்ல எனக்கு எப்போதும் பெருமைதான். ஆனாலும் மாமாவின் பெயரை ஒரு சிரிப்புக்கு நடுவே வைக்க மனம் வரவில்லை.

மாமா பருத்தித்துறைக் கடலோடி. இளம் வயதிலேயே சரக்குக் கப்பலுக்குப் போனவர். மேற்கு ஆபிரிக்காவின் ஒரு துறைமுகத்தில் அவருடைய கப்பல் நின்றபோது, அந்நாட்டு ராணுவத்தின் ஒரு கேணல் விடியற்காலையில் வானொலி நிலையத்தைப் பிடித்து, ஆட்சி தன்னுடையது என்று அறிவித்தார். மதியத்துக்குள் சதி தோற்று எல்லாம் முடிந்துவிட்டது. சாதாரணச் சட்டையோடு, கையில் காயத்தோடு படியேறி வந்த கேணலைத் தடுக்காமல் விட்டது மாமாதான். கப்டன் அவரைக் கயிறு வைக்கும் அறையில் இருத்தினார். ஐந்து மணிக்குக் கப்பல் புறப்படும். அதுவரை பேசாமல் இருந்தால் அவர் தப்பிவிடுவார்.

நான்கு மணிக்குச் சற்று முன்னர், பிடிபட்ட அவருடைய சிப்பாய்களைச் சுடப்போவதாக வானொலி சொன்னது. கேணல் எழுந்து படியடிக்கு வந்தார். மாமா தனக்குத் தெரிந்த நாலைந்து ஆங்கிலச் சொற்களை எல்லாம் கூட்டி, கப்பல் போகப்போகிறது, நில்லுங்கள் என்று கைகளை விரித்து மறித்தாராம். அவர் மாமாவின் தோளில் தட்டிவிட்டு, ஏறுபவரும் இறங்குபவரும் எழுதும் புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். அவசரமே இல்லாமல் எழுதினார். சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு இறங்கினார். துறைமுக வாசலில் நின்ற சிப்பாய்க்கு அவரை அடையாளம் தெரியவில்லை. அவரே தன் பெயரைச் சொல்ல வேண்டியிருந்தது. "அவன் முதல் சலூட் அடிச்சான், பிறகுதான் துவக்கை நீட்டினவன்" என்பார் மாமா. இதைச் சொல்லும்போதெல்லாம் அவர் இருந்த இடத்திலிருந்து எழுந்துவிடுவார்.

அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கடலில் போடும்படி கப்டன் சொன்னார். மாமா கிழித்தார், போடவில்லை. அடுத்த துறைமுகத்தை அடைவதற்குள் கேணலைச் சுட்டுவிட்டார்கள். சிப்பாய்களைச் சுடவில்லை, சிறையில் வைத்தார்கள் என்பதைப் பல வருடங்களின் பின் நான் தேடி அறிந்தேன்.

ஊர் மீன் சந்தையில் மாமாவுக்குப் பட்டப்பெயரே கேணல்தான். "என்ன கேணல், உங்கடை பட்டாளம் இண்டைக்கு எங்கை?" என்று கேட்பார்கள். "உன்ரை வீட்டிலை சோறு தின்னுது, ஓடிப்போய்ப் பார்" என்பார். ஆனால் அந்தத் தாளை அவர்களில் ஒருவருக்கும் காட்டியதில்லை. எனக்குப் பதினான்கு வயதானபோது, "பிள்ளை, நீ இங்கிலீசு படிக்கிறாய்தானே, உதை ஒருக்கா வாசி" என்று நீட்டினார். பெயர், நேரம், அடுத்து இறங்கும் காரணம். அந்தக் கட்டத்தில் 'என் ஆட்களிடம் திரும்பிப் போகிறேன்' என்று இருந்தது. தன் கண் முன்னால் எழுதப்பட்ட அந்தத் தாளில் என்ன இருந்தது என்பதை மாமா அன்றுதான் அறிந்தார். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார்.

துவக்கோடு ஆட்சிக்கு வருகிறவர்களை எனக்குப் பிடிக்காது. இந்த மண்ணில் வளர்ந்தவளுக்கு அதற்குக் காரணம் தேவையில்லை. ஆனாலும் அந்தப் படியில் இறங்கிய மனிதரைப் பற்றிப் பேசும்போது என் குரல் தானாகவே தணிந்துவிடுகிறது. ஐந்து மணி வரை இருந்திருந்தால் போதும்.

அந்த நாட்டின் பாடப்புத்தகத்திலோ, வெளிநாட்டுக் கப்பலில் ஒளிந்திருந்த கோழையை இழுத்து வந்தோம் என்றுதான் இருக்கிறது. அதை மாற்றச் சொல்லி கேணலின் மகள் இன்றும் மனுக் கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்று ஒரு செய்தியில் படித்து, மாமாவிடம் இருக்கும் பக்கத்தைப் பற்றி அவருக்கு எழுதினேன். மனுவை விசாரிக்கும் குழு பிரதிகளை ஏற்காது, மூலத்தாள் வேண்டும் என்று பதில் வந்தது. என் ஆய்வுக்கும் அதுதான் ஒரே சான்று. மாமாவிடம் கேட்டேன். "அது அந்தப் பிள்ளையின்ரை. அனுப்பிவிடு" என்றார்.

தபாலகத்துக்கு அவரும் வந்தார். "தங்கச்சி, உது பிளேனிலைதானே போகும்? கடலாலை போகாதே?" என்று அங்கிருந்த பெண்ணிடம் கேட்டார்.

"பிளேனிலைதான் ஐயா. ஏன், கப்பலெண்டால் பயமோ?"

"நாப்பது வருசம் கப்பலிலை கிடந்தவனுக்கு என்ன பயம்? ஆளின்ரை பேரைக் கடலுக்குக் குடுக்கக்கூடாது, பிள்ளை. எங்கடை ஆக்கள் வள்ளத்துக்கும் சாமியின்ரை பேர்தான் வைப்பினம். கப்டன் எறியச் சொன்ன நேரம் அந்தாள் என்ரை கண்ணுக்கு முன்னாலை நடந்து போறார். எப்பிடி எறியிறது?"

"இப்ப அவர் இல்லையே, மாமா?" என்றேன்.

"பேர் கிடக்கல்லோ" என்றார்.

அந்தப் பெண் உறையின் ஓரத்தை இன்னொரு தரம் ஒட்டி, முத்திரை குத்தினாள்.

மறுநாள் ஆய்வுப் பதிவுப் படிவத்தை நிரப்பினேன். முதன்மைச் சாட்சி என்ற இடத்தில் மாமாவின் முழுப் பெயரையும், தொழில் என்ற இடத்தில் கப்பல் படிக் காவலர் என்றும் எழுதிக் கையெழுத்திட்டு, விரிவுரையாளரின் மேசையில் கொடுத்துவிட்டு வந்தேன்.