மஞ்சள் புலியும் நல்ல கண்ணாடியும்

கடைகளுக்குப் போர்டு எழுதிப் பிழைத்தவர்களுக்குத் தெரியும்: நம் எழுத்தை ஊரே படிக்கும், பிழை இருந்தால் மட்டும்தான் எழுதினவன் யார் என்று கேட்கும்.

மலாயாவை ஜப்பான்காரன் பிடித்திருந்த காலத்தில், குளுவாங்கில் அந்தப் பிழைப்பும் படுத்துவிட்டது. அப்போது ஓவியப் பிரியரான ஒரு ஜப்பானிய அதிகாரி வந்து சேர்ந்தார். ஊரில் படம் போடுகிற மூன்று பேரும் பள்ளிக்கூட மண்டபத்தில் கண்காட்சி வைக்க வேண்டுமாம். ஒவ்வொரு படத்துக்கும் கீழே, அது எதிலிருந்து பிறந்தது என்று சீட்டு எழுதி ஒட்ட வேண்டுமாம். மாட்டேன் என்று சொல்லுகிற காலமா அது?

சாயம்

நான் புலி போடுவதென்று முடிவு செய்தேன். பெயிண்ட் எந்தக் கடையிலும் இல்லை. விளக்குக் கரியைக் குழைத்துக் கோடு போட்டேன், செங்கல் தூளில் நாக்கு. உடம்புக்கு அடுக்களை மஞ்சள் மொத்தமும் போய்விட்டது. டப்பாவைத் திறந்து பார்த்த என் மனைவி சொன்னாள்: "குழம்பு வெள்ளையா இருந்தா பரவால்ல, உங்க புலி மட்டும் மங்களகரமா இருக்கட்டும்!"

நிபுணர்

நிஜப் புலியை நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் சீட்டில் 'காஹாங் காடு' என்று துணிந்து எழுதிவிட்டேன். முதல் நாளே காஹாங்கிலிருந்து ஒரு மலாய்க்காரப் பெரியவர் வந்தார். காட்டில் பிரம்பு வெட்டுகிறவர். படத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு என் தோளைத் தட்டினார். "எங்க காட்டுல இது இல்லலா, தம்பி. உங்க வீட்டுப் பூனைக்குச் சாப்பாடு போடுங்க."

கூட்டம்

ரயில்வே கிளார்க் கந்தையா, யாழ்ப்பாணத்துக்காரர், வாழையிலையில் வெள்ளைச் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் வரைந்திருந்தார். சீட்டில் ஒரே சொல்: 'ஞாபகம்'. மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு தின்றுகொண்டிருந்த ஜனம் அங்கேயே நின்றுவிட்டது. "கொஞ்சம் நகருங்கோ, மற்றப் படங்களையும் பாருங்கோ" என்று கந்தையாவே கெஞ்ச வேண்டியதாயிற்று. லாயாங் லாயாங் ரப்பர் தோட்டத்து அம்மா ஒருவர் மட்டும் அசையவில்லை. கடைசியில் பெருமூச்சு விட்டுச் சொன்னார்: "ஐயா, எல்லாம் சரி. இன்னும் ஒரு கரண்டி குழம்பு ஊத்தியிருக்கலாம்."

சீட்டு

ஆ செங், செத்தவர்களின் உருவப்படம் போட்டுக் கொடுக்கும் சீனர். அவர் வைத்தது ஓர் இளைஞன் முகம். ஜப்பான்காரன் வந்த புதிதில் லாரியில் ஏற்றிக்கொண்டு போய், பிறகு திரும்பியே வராத அவருடைய தம்பி அது. சீட்டில், தன் முகத்தையே வரைந்ததுபோல, 'கண்ணாடி' என்று எழுதியிருந்தார்.

அதிகாரி படத்தைப் பார்த்தார், ஆ செங்கைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். "கண்ணாடியில் உனக்கு வயது குறைவாகத் தெரிகிறதே?" என்று மலாயில் கேட்டார். ஆ செங் குனிந்து வணங்கி, "நல்ல கண்ணாடி, துவான்" என்றார். அதிகாரி வாய்விட்டுச் சிரித்து அடுத்த படத்துக்கு நகர்ந்தார்.

கண்காட்சி முடிந்ததும், "உனக்குப் பைத்தியமா? எதுக்கு இந்த வேலை?" என்று சண்டை போட்டேன். படத்தைச் சுருட்டியபடியே அவர் சொன்னார்: "எங்க அம்மா வாசல் பக்கம் நின்னாங்க. தம்பி மூஞ்சியைப் பார்த்து ரொம்ப நாளாச்சுலா."

படம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் சொல்வதற்கு ஒரு பதிலும் சொல்லாமல் வைத்துக்கொள்ள ஒரு பதிலும் இருந்தால்தான், நம் தொழிலில் தலை தப்பும்.