நாலு வீட்டுக்கும் ஒரே ஞாயிறு

எங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினருக்கும் எனக்கும் பழக்கம் ஏற்பட்டது எழுத்துப்பிழையால். அவர் மாதாமாதம் வீடு வீடாக ஒரு கடிதம் போடுவார். பேரவையில் என்ன கேட்டேன், அமைச்சர் என்ன பதில் சொன்னார், என்ன சட்டம் வரப்போகிறது, அதைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று இரண்டு பக்கம். நல்ல காரியம்தான். ஆனால் அதை எழுதியவர் கோரிக்கையை 'கோறிக்கை' ஆக்கியிருந்தார். சாந்தோமில் பெண்கள் பள்ளியில் முப்பது வருடத்துக்கு மேல் தமிழ் சொல்லிக்கொடுத்த கை சும்மா இருக்குமா? சிவப்புப் பேனாவால் இரண்டு பக்கத்தையும் திருத்தி, அடியில் என் தொலைபேசி எண்ணையும் எழுதி, அவர் அலுவலக மனுப்பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் அவரே கூப்பிட்டார்.

"டீச்சர், திருத்தினீங்க சரி. மார்க் போடாம விட்டுட்டீங்களே?"

"போட்டிருந்தா வருத்தப்பட்டிருப்பீங்க."

சிரித்தார். "அப்ப அடுத்த மாசத்துலேர்ந்து நீங்களே எழுதிக் குடுங்க. விஷயத்தை நான் சொல்றேன். எங்க ஆளுங்க எழுதினா எனக்கே புரிய மாட்டேங்குது."

ஒரே ஒரு நிபந்தனை போட்டார். நடந்ததை நடந்தது என்றும், நடக்காததை நடக்கவில்லை என்றும் எழுத வேண்டும். முதல் கடிதத்திலேயே, மழைநீர் வடிகால் பற்றி அவர் கேட்ட கேள்விக்கு வந்த பதில் திருப்தியாக இல்லை என்று எழுதினேன். அவருடைய ஆட்கள் முகம் சுளித்தார்கள். அவர் ஒரு வார்த்தைகூட மாற்றவில்லை. எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது அன்றைக்குத்தான். அவருடைய கட்சிக்கு நான் ஓட்டுப் போட்டதில்லை. அவர் கேட்டதும் இல்லை.

இப்படி ஏழெட்டுக் கடிதங்கள் எழுதியபின், வீட்டு வேலை செய்கிறவர்களுக்கான ஒரு சட்ட வரைவு வந்தது. பொதுமக்கள் ஒரு மாதத்துக்குள் கருத்துச் சொல்லலாம் என்று அரசு அறிவித்திருந்தது. அவர் அதன் பிரதியைக் கொடுத்தனுப்பி, "இதை எல்லாருக்கும் புரியற மாதிரி எழுதுங்க. யாருக்காகச் சட்டம் வருதோ அவங்களுக்கு முக்கியமாப் புரியணும்" என்றார்.

சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். 'பணியமர்த்துநர்' என்று இருந்ததை 'வேலைக்கு வைத்திருப்பவர்' என்று மாற்றினேன். 'ஊதியத்துடன் கூடிய வாராந்திர ஓய்வு நாள்' என்பதை 'வாரத்தில் ஒரு நாள் சம்பளத்தோடு லீவு' என்று மாற்றினேன். அந்த வரியை எழுதி முடித்தபோது பின்னால் சமையலறையில் பாத்திரம் துலக்கும் சத்தம் கேட்டது. பேனா அப்படியே நின்றுவிட்டது.

எங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண் கடற்கரைக் குப்பத்திலிருந்து வருகிறவள். பதினோரு வருடமாக வருகிறாள். உடம்பு சரியில்லை என்றால் வரமாட்டாள், சாவு, கல்யாணம் என்றால் வரமாட்டாள். அதற்கெல்லாம் நான் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அதை நினைத்துப் பெருமையும் பட்டிருக்கிறேன். ஆனால் வாரத்தில் இந்த நாள் உனக்கு லீவு என்று ஒரு நாளைக் கொடுத்ததில்லை. ஞாயிறுதான் எங்கள் வீட்டில் அதிக வேலை. ஆதம்பாக்கத்திலிருந்து மகன் குடும்பத்தோடு சாப்பிட வருவான். நாங்கள் மாதா கோயிலில் எட்டு மணிப் பூசைக்குப் போவோம். அவள் ஐந்தரை மணிப் பூசை கேட்டுவிட்டு, நாங்கள் திரும்பும்போது வீட்டு வாசலில் நிற்பாள். ஒரே கோயில், ஒரே பிரசங்கம். ஓய்வுநாளைப் பற்றிய கட்டளையை இருவரும் கேட்டிருக்கிறோம்.

கடிதத்தை எழுதி முடித்து மேஜையிலேயே வைத்திருந்தேன். மறுநாள் மேஜையைத் துடைக்க வந்தவள், துணியைக் கையில் வைத்துக்கொண்டே அதைப் படித்தாள். எட்டாவதுவரை படித்தவள். ஒவ்வொரு வரியாக, உதடு அசைய.

"டீச்சர், இத்த நீங்களா எழுதுனீங்க?"

"ஆமா."

"வாரத்துல ஒரு நாள் லீவுன்னு போட்டுகீது."

"அது இன்னும் சட்டமாகலை" என்றேன்.

அவள் மேஜையைத் துடைத்துவிட்டுப் போனாள். அந்தப் பதிலைச் சொன்ன என் குரலை நான் இன்னமும் மறக்கவில்லை. தாமதமாக வந்த மாணவியிடம் பேசுகிற குரல் அது.

அந்தச் சனிக்கிழமை மாலை மாநகராட்சிப் பள்ளியின் கூடத்தில் கூட்டம். உறுப்பினர் முதலில் கடந்த கூட்டத்தொடரில் தான் பேசியதையும், பேச நேரம் கிடைக்காமல் போனதையும் சொன்னார். பிறகு வரைவை எடுத்தார். "அங்க எனக்கு இருக்கறது ஒரு ஓட்டு. அதுவும் கட்சி சொல்ற பக்கம் போற ஓட்டு. ஆனா காரணம் சொல்லிப் பேசினா ரெண்டு பேராவது திரும்பிப் பார்ப்பாங்க. அந்தக் காரணத்தை நீங்கதான் குடுக்கணும்" என்றார்.

முன்வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் என்னைப் போன்றவர்கள். ஒருவர் எழுந்து, "சார், எங்காத்துல வேலை செய்யறவாளை நாங்க குடும்பத்துல ஒருத்தராத்தான் பாத்துண்டிருக்கோம். நடுவுல கவர்மென்ட் எதுக்கு?" என்றார். இன்னொருவர், இதெல்லாம் வந்தால் யாரும் வேலைக்கே ஆள் வைக்க மாட்டார்கள் என்றார். எல்லாவற்றையும் உறுப்பினர் தன் கையாலேயே குறித்துக்கொண்டார்.

கடைசி பெஞ்சில் நாலைந்து பெண்கள். அவர்களில் எங்கள் வீட்டுப் பெண்ணும் இருந்தாள். வருவதாக என்னிடம் சொல்லியிருக்கவில்லை.

"பின்னாடி யாரும் ஒண்ணும் சொல்லலியே" என்று உறுப்பினர் இரண்டு முறை கேட்டார். அந்தப் பெண்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். கடைசியில் அவள்தான் எழுந்தாள்.

"சார், லீவு குடுக்கறது நல்லதுதான். ஆனா நான் நாலு வூட்ல வேலை செய்றேன். ஒரு வூட்ல ஞாயித்துக்கெழம லீவு, இன்னொரு வூட்ல புதங்கெழம, இப்டி நாலு வூட்லயும் நாலு நாளு குடுத்தா, எனக்கு இன்னா லீவு? தெனமும் மூணு வூட்டுக்காவது போய்க்கினுதான இருப்பேன்?"

வரைவை நான் ஐந்தாறு தடவை படித்திருந்தேன். எளிமையாக்கியிருந்தேன். இது எனக்குத் தோன்றவே இல்லை. அதைத் தயாரித்தவர்களுக்கும் தோன்றியிருக்கவில்லை. வேலைக்காரிக்கு ஒரு வீடுதான் என்று நாங்கள் எல்லாரும் எண்ணியிருந்தோம், அவரவர் வீடு.

உறுப்பினர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "இன்னொரு வாட்டி சொல்லுங்கம்மா." அவள் மறுபடியும் சொன்னாள். அவர் அதை வரி வரியாகக் குறித்துக்கொண்டார். "இதை எழுத்துல குடுங்க. கையெழுத்து வாங்கிக் குடுங்க. கடைசி நாளுக்குள்ள துறைக்கு அனுப்பிடலாம். நானும் பேசறேன்" என்றார்.

எழுதுகிற வேலை என் தலையில் வந்தது. மறுநாள் மத்தியானம், மகன் குடும்பம் சாப்பிட்டுப் போனபிறகு, அவளை எதிரில் உட்காரச் சொன்னேன். பதினோரு வருடத்தில் அந்த மேஜையின் நாற்காலியில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தாள். அவள் சொல்லச் சொல்ல எழுதி, படித்துக் காட்டினேன்.

"'பல இல்லங்களில் பணிபுரிவோருக்குப் பொதுவான ஓய்வு நாள் நிர்ணயிக்கப்பட வேண்டும்.' சரியா?"

"நான் அப்டி சொல்லலியே டீச்சர்."

"விஷயம் அதேதான்."

"இல்ல. நாலு வூடுன்னு சொன்னேன். அது எங்க போச்சு?"

கொஞ்சம் கோபம் வந்தது எனக்கு. மனு என்றால் மனு மாதிரி இருக்க வேண்டாமா? அவள் விடவில்லை. "படிக்கறவங்களுக்கு நாலு வூட்டுப் படி ஏறி எறங்கறது தெரியணும்" என்றாள். கிழித்துப் போட்டுவிட்டு, அவள் சொன்னபடியே எழுதினேன். 'வூடு' மட்டும் வீடு ஆனது. அதற்கு அவள் சம்மதித்தாள்.

கையெழுத்து வாங்க அவளே தாளை எடுத்துப் போனாள். குப்பத்துத் தண்ணீர்க் குழாயடியிலும், ராயப்பேட்டையில் அவள் அக்கா இருக்கும் தெருவிலும் வாங்கினாள். நான்கு நாளில் தாள் எண்ணெய்க் கறையோடு திரும்பி வந்தது. பின்பக்கம்வரை கையெழுத்தும் கைநாட்டும். கடைசியில் நானும் போட்டேன். எந்த இடத்தில் போடுவது என்று தெரியாமல் ஓரமாகப் போட்டேன்.

பேரவையில் அந்தத் துறையின் மானியக் கோரிக்கை விவாதத்துக்கு வந்தபோது உறுப்பினருக்குச் சில நிமிடம்தான் கிடைத்தது. தான் பேசியதன் வீடியோவை எனக்கு அனுப்பினார். நானும் அவளும் என் கைபேசியில் பார்த்தோம். 'என் தொகுதியில் நான்கு வீடுகளில் வேலை செய்யும் ஒரு சகோதரி கேட்கிறார்' என்று ஆரம்பித்து, அவள் கேள்வியை அப்படியே படித்தார். அதற்குள் பேரவைத் தலைவர் மணி அடித்துவிட்டார். அமைச்சர், பரிசீலிக்கப்படும் என்றார்.

"அவ்ளோதானா?" என்றாள்.

"அவ்ளோதான்."

"நல்லாதான் படிச்சாரு" என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

அன்று சாயங்காலம் நான் அவள் வேலை செய்யும் மற்ற மூன்று வீடுகளுக்கும் போனேன். எல்லாம் எங்கள் தெருவும் அடுத்த தெருவும்தான். சட்டம் வருகிறபோது வரட்டும், நாம் நாலு பேரும் ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். இரண்டு வீட்டில் ஒப்புக்கொண்டார்கள். மூன்றாவது வீட்டு அம்மா காபி கொடுத்து, சிரித்துப் பேசி, யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். அடுத்த மாதம் முதல் தேதியில் வேறு ஆள் வைத்துக்கொண்டார்.

அதை அவள் வந்து சொன்னபோது எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவளிடம் கேட்காமலே போயிருந்தேன். அதுதான் உண்மை. அவளைக் கேட்டு நாற்காலியில் உட்காரவைத்து மனு எழுதிய நான், அவள் பிழைப்பைப் பற்றிப் பேச அவளைக் கேட்கவில்லை.

"கேட்டுட்டுப் போயிருக்கணும். தப்புதான்" என்றேன்.

"ஆமா டீச்சர்" என்றாள். பரவாயில்லை என்று சொல்வாள் என எதிர்பார்த்திருந்தேன். சொல்லவில்லை. ஒரு வாரம் அதிகம் பேசவும் இல்லை. பிறகு, மந்தைவெளிப் பக்கம் ஒரு வீடு அவளே பார்த்துக்கொண்டாள். முதல் நாளே ஞாயிறு வரமாட்டேன் என்று சொல்லித்தான் சேர்ந்தாளாம்.

அந்த மாதக் கடிதத்தில், வரைவு இன்னும் துறையிடம் இருக்கிறது, வேறு தகவல் இல்லை என்று எழுதினேன். அதன்பிறகு வந்த கடிதங்களிலும் அதேதான். ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது மகனும் மருமகளும் பாத்திரம் கழுவுகிறார்கள். முதலில் முணுமுணுத்தார்கள், இப்போது பாட்டுப் போட்டுக்கொண்டு கழுவுகிறார்கள். லீவு நாளில் என்ன செய்வாய் என்று அவளிடம் ஒரு தடவை கேட்டேன். "அத்த எதுக்கு உங்களாண்ட சொல்லணும்?" என்று சிரித்தாள்.

எட்டு மணிப் பூசை முடிந்து நாங்கள் திரும்பும்போது அந்த மூன்றாவது வீட்டுக்குப் புதிதாக வந்த பெண் வேலைக்குப் போய்க்கொண்டு எதிரே வருவாள். சின்ன வயது. கடிதத்தைப் படித்திருப்பாளா, கூட்டத்துக்கு வந்திருந்தாளா, தெரியாது. போன வாரம் நிறுத்தி, அடுத்த கூட்டம் என்றைக்கு என்று சொன்னேன்.

"பாக்கறேம்மா, நேரமாயிட்ச்சு" என்று சொல்லிக்கொண்டே வேகமாகப் போனாள்.