தாடைக்கு அடியில் சுட்ட வெயில்

இரண்டு வருடங்களுக்கு முன்னால், சித்திரை மாதம். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி தயாரிக்கும் ஒரு சின்ன கம்பெனியில் நான் சூப்பர்வைசர். பிளீச் செய்து அலசிய துணியைக் களத்தில் விரித்துக் காயப்போடும் பகுதி என் பொறுப்பு.

ஒரு வாரமாகத் தாடைக்கு அடியிலும் கழுத்திலும் தாங்க முடியாத எரிச்சல். கன்னத்தில் ஒன்றுமில்லை, அடியில் மட்டும் ரத்தச் சிவப்பு. வெயில் என்று நினைக்கவே இல்லை. தலையில் துண்டு, அதற்கு மேல் தொப்பி என்றுதானே நிற்கிறேன்! கத்திரிக்காயை நிறுத்தினேன், கருவாட்டை நிறுத்தினேன், சோப்பை மாற்றினேன். செல்போனில் தேடித் தேடி இல்லாத வியாதியை எல்லாம் வரவழைத்துக்கொண்டேன். உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை.

பயம் வந்தால் எனக்குக் கூடவே கோபமும் வந்துவிடும். துணியை அலசிக் களத்தில் விரிக்கிற பெண்ணைப் பிடித்துக்கொண்டேன். அத்தனை பேர் முன்னாலும், "ஏட்டி, பிளீச் மருந்து போக அலசுனியா இல்லியா? எம் மூஞ்சியப் பாரு!" என்று கத்தினேன்.

"மூணு தண்ணி அலசுனேன்க்கா" என்றாள். நான் காதில் வாங்கவில்லை. முதலாளியிடம் சொல்லி அன்றைக்கே அவளை வேலையை விட்டு நிறுத்தினேன். அவள் ஒருத்தி சம்பாத்தியத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

உள்ளூரில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தோல் டாக்டரிடம் போனேன். பார்த்தவுடனே கேட்டார்: "நீங்க நிக்கிற இடத்துல தரையில என்ன இருக்கு?"

"களம் முழுக்க வெள்ளைத் துணி சார்."

"அதுல பட்டுத் திரும்புற வெயில்தான் உங்களச் சுட்டிருக்கு. வெளிய உக்காந்திருக்கறவங்கள்ல நிறையப் பேருக்கு வெயில் சுட்டதுதான். ஒருத்தரும் ஒத்துக்க மாட்டாங்க. சோப்பு, சாப்பாடுன்னு எதையாவது சொல்லுவாங்க."

நான் சோப்பையும் சாப்பாட்டையும் மட்டுமா சொன்னேன்? மருந்துச் சீட்டைக்கூட மடித்து வைக்காமல், கையில் பிடித்தபடியே சுந்தரபாண்டியத்துக்கு பஸ் ஏறினேன். அந்தப் பெண்ணின் வீடு அங்கேதான். வழி முழுக்க என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

வாசலில் நின்று நடந்ததைச் சொன்னேன். அவள் தாடையைத் தூக்கிக் காட்டினாள். அதே இடம். என்னைவிட மோசமாகத் தோல் உரிந்திருந்தது.

"எனக்குப் போன மாசமே வந்துருச்சுக்கா."

"அன்னைக்கே ஏன் சொல்லல?"

"செத்த நேரம் பேச விட்டியளா?"

மறுநாள் அதே களத்தில், அத்தனை பேர் முன்னாலும், தப்பு என்னுடையது என்று சொன்னேன். முதலாளி முனகினார், நான் விடவில்லை. அவள் வேலைக்குத் திரும்பினாள். இப்போது எல்லோருமே கழுத்தைச் சுற்றித் துண்டு கட்டிக்கொள்கிறோம். உச்சி வெயிலில் யாரும் களத்தில் இறங்குவதில்லை.

என் மூஞ்சியைப் பார் என்று கத்தியபோது, அவள் மூஞ்சி என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. யாரையாவது அதட்ட வாயெடுத்தால் அது ஞாபகம் வந்துவிடுகிறது, முதலில் அவர்கள் முகத்தைப் பார்க்கிறேன்.