பற்றறி இல்லாமல் கத்திய ஆங்கிலேயன்

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆங்கிலப் பாடம் வந்தால் மதிலேறிக் குதித்து, ஒன்பதாம் வகுப்போடு ஒரேயடியாகக் குதித்துவிட்டவன் நான். அப்படிப்பட்டவன் ஆங்கில நாடகத்தைப் பற்றி எழுதினால் வாசிக்கிறவர்கள் சந்தேகப்படாமல் என்ன செய்வார்கள்? படட்டும். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் சந்தேகப்படாதவர் என்று ஒருவரும் இருக்கவில்லை.

தொண்ணூறுக்குப் பிறகான காலம் அது. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. டோர்ச்சுக்குப் போடுகிற பற்றறிகூடக் கொண்டுவரத் தடை. பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவன் பெடலைக் கையால் சுற்ற வேண்டும். டைனமோவிலிருந்து வயர் இழுத்து ரேப் ரெக்கோடருக்குக் கொடுப்போம். சுற்றுகிறவன் களைத்தால் பாடுகிறவளும் களைத்துவிடுவாள். புத்தூரில் ஒரு சைக்கிள் கடையில் நான் செய்த வேலையே அந்த வயர் இழுப்புத்தான். அதனால் எந்த வீட்டில் என்ன சத்தம் கேட்டாலும், அதற்குப் பெடல் சுற்றுகிற கை யாருடையது என்று எனக்குத் தெரியும்.

ஒரு வீட்டைத் தவிர. தந்திக் கந்தோரில் வேலைசெய்து பென்சன் எடுத்த ஒருவர் அங்கே தனியாக இருந்தார். ஊரில் எல்லோருக்கும் அவர் ஐயா. பின்னேரங்களில் அவருடைய உள்ளறையிலிருந்து ஓர் ஆணின் குரல் கேட்கும். ஆங்கிலம். சாதாரணப் பேச்சல்ல, தூரத்துக் கடலில் போகிற வள்ளத்தைக் கூப்பிடுகிற மாதிரிக் கத்தல். அதற்குப் பின்னால் உப்புப் பொரிகிற மாதிரி ஓர் இரைச்சல். கொஞ்சம் கத்திவிட்டுக் குரல் நின்றுவிடும். பிறகு கிறீச், கிறீச் என்று எதையோ சுற்றுகிற சத்தம். பிறகு மறுபடியும் கத்தல். ஒருவன் பேசிவிட்டு, அந்தப் பக்கத்துப் பதிலுக்குக் காத்திருந்து, திரும்பப் பேசுவது போலவே இருக்கும்.

தந்தி அடித்த மனிதர், பூட்டிய அறை, ஆங்கிலம், இரைச்சல். பற்றறி இல்லாத ஊரில் இவருக்கு மட்டும் யார் பற்றறி கொடுக்கிறார்கள்? ஐயா வயர்லெஸ்ஸில் ஆமிக்காரனோடு கதைக்கிறார் என்று ஊர் தீர்மானித்துவிட்டது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அதே வளவின் பின்பக்கத்து அறையில் என் கூட்டாளி தாய் தகப்பனோடு இருந்தான். மயிலிட்டிக்காரர். ஷெல்லடிக்குள் வள்ளத்தையும் வலையையும் விட்டுவிட்டு ஓடிவந்தவர்களுக்கு ஐயாதான் இடம் கொடுத்திருந்தார். ஒருநாள் காலை, ஊருக்குக் கூப்பன் சாமான் கொடுக்கிற சங்கக்கடை மனேச்சர் படலையில் நின்று கூட்டாளியின் தகப்பனைக் கூப்பிட்டார்.

"உங்கடை ஐயா ஆரோடை கதைக்கிறவர்?"

"தெரியாது மனேச்சர். நாங்கள் அந்தப் பக்கம் போறேல்லை."

"ஒரு வளவுக்குள்ளை இருந்துகொண்டு தெரியாதெண்டால் ஆர் நம்புவினம்? நாளைக்கு நான் இயக்கப் பெடியளுக்குச் சொல்லப் போறன். அவரைக் கூட்டிக்கொண்டு போனால் உங்களையும் சேத்துத்தான் விசாரிப்பினம். வேறை இடம் பாருங்கோ."

வேறு இடம் எங்கே இருந்தது? பள்ளிக்கூடமும் கோயில் மடமும் இடம்பெயர்ந்த சனத்தால் நிரம்பிக் கிடந்தன. கூட்டாளி நேரே என் கடைக்கு வந்தான்.

"மச்சான், உனக்குத்தானே ஊர்ச் சத்தமெல்லாம் தெரியும். உது பற்றறியோ?"

"டைனமோ எண்டால் உங்கடை ஐயா சுத்தவும் வேணும், கத்தவும் வேணும். அந்தத் தொந்தியோடை அது ஏலாது. பற்றறிதான்."

"பகிடி விடாதை. அம்மா மூட்டை கட்டுறா."

"அப்ப வா, போய்ப் பாப்பம்."

"போய் என்னெண்டு கேக்கிறது?"

"கிடங்கு கிண்ட அலவாங்கு இரவல் கேப்பம்."

எங்கள் ஊரில் இரவல் கேட்டு வந்தவனுக்கு இல்லையென்று சொல்ல முடியாது. வைத்துக்கொண்டு இல்லையென்றவன் வீட்டில் செத்தவீடு நடந்தால் தூக்கவும் ஆள் வராது. ஒரு பொருளைக் கொடுக்க மனமில்லையென்றால் அதற்கு ஒரே வழி, அது உன்னிடம் இருப்பதே யாருக்கும் தெரியக்கூடாது.

நாங்கள் போனபோது உள்ளே கத்தல் நடந்துகொண்டிருந்தது. கதவைத் தட்டினேன். கத்தல் நிற்கவில்லை. கதவு ஒரு சாண் திறந்து, ஐயாவின் தலை மட்டும் வெளியே வந்தது. அவருடைய வாய் மூடியிருந்தது. உள்ளே ஆங்கிலேயன் இன்னும் கத்திக்கொண்டிருந்தான்.

"என்ன தம்பியவை?"

"அலவாங்கு ஒண்டு இரவலாக் கேக்க வந்தனாங்கள். உள்ளுக்கு ஆரும் விருந்தாளியோ ஐயா?"

"ஒருத்தருமில்லை."

"அந்த ஒருத்தருமில்லாதவர் நல்லாக் கோவிக்கிறார்."

ஐயா சிரிக்கவில்லை. அந்த நேரம் உள்ளே குரல் மெல்ல மெல்லத் தடித்தது. ஆங்கிலேயன் மாடு மாதிரி முனகத் தொடங்கினான். கூட்டாளி என் சேட்டுக் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மச்சான், ஆரோ சாகிறான்!"

ஐயாவால் பொறுக்க முடியவில்லை. திரும்பி உள்ளே ஓடினார். நாங்களும் பின்னால் ஓடினோம்.

மேசையில் ஒரு கிராமபோன் இருந்தது, சாவி கொடுத்துச் சுற்றுகிற பழைய வகை. சத்தத்தைக் குறைக்க அதில் வழி இல்லாததால் குழலின் வாய்க்குள் துவாயொன்றைத் திணித்திருந்தார். ஊசி முடிந்துபோய், தேசிமரத்து முள்ளைச் சீவிப் பூட்டியிருந்தார். ஐயா கிறீச், கிறீச் என்று சாவியைச் சுற்ற, செத்துக்கொண்டிருந்த ஆங்கிலேயன் துள்ளியெழுந்து மறுபடியும் கத்தினான்.

தட்டுகளில் இருந்தவை ஐயா சின்ன வயதில் பாடப் புத்தகத்தில் படித்த ஆங்கில நாடகங்களாம். கொழும்பில் வேலைசெய்தபோது, இங்கிலாந்துக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரத் துரையிடமிருந்து அந்தத் தட்டுகள் வந்தனவாம்.

"ஏன் ஐயா உவன் உப்பிடிக் கத்துறான்?"

"அப்ப மைக் இல்லைத் தம்பி. ஒரு குழலுக்குள்ளை தலையை விட்டுக் கத்தினால்தான் மெழுகிலை பதியும். காதல் சொல்லுறவனும் கத்துவான், களவாய்க் கொலைக்குப் போறவனும் கத்துவான். ராசாவைக் கொல்லக் கத்தியைத் தூக்கினவுடனை தட்டு முடிஞ்சு போகும். மற்றப் பக்கம் பிரட்டினால்தான் குத்துவான்."

"அதுமட்டும் ராசா பாத்துக்கொண்டு நிப்பாரோ?"

"ஓம். நான் சாவி குடுத்து முடியுமட்டும் நிப்பார்."

பதிலுக்குக் காத்திருக்கிறார் என்று ஊர் நினைத்த இடைவெளி அதுதான்.

"உதை முன்னமே காட்டியிருக்கலாமே ஐயா?"

"நாதஸ்வரத் தட்டொண்டு வைச்சிருந்தனான். ஒரு கலியாண வீட்டுக்கு இரவல் குடுத்தன். மூண்டு துண்டாய் வெத்திலைத் தட்டத்திலை வைச்சுத் திருப்பித் தந்தவை. உதுகள் விழுந்தால் பீங்கான் மாதிரி. ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை."

மனேச்சர் சொன்னதைச் சொன்னேன். ஐயா நிமிர்ந்தார்.

"விசாரிக்கட்டும். நான் பிழையொண்டும் செய்யேல்லை."

"எங்களையும் சேத்து விசாரிப்பினமாம் ஐயா" என்றான் கூட்டாளி.

ஐயா யன்னலைத் திறந்தார். பின்வளவில் கூட்டாளியின் தாய் கொடிக்கயிற்றை அவிழ்த்து முழங்கையில் சுற்றிக்கொண்டிருந்தா. ஐயா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குழலுக்குள்ளிருந்த துவாயை இழுத்தெடுத்தார்.

"போய் உன்ரை மனேச்சரைக் கூட்டிக்கொண்டு வா."

மனேச்சர் வந்தார், அவருக்குப் பின்னால் பாதி ஊர் வந்தது. மாமரத்தடியில் ஐயா கிராமபோனைத் தானே தூக்கிவந்து வைத்திருந்தார். மனேச்சர் முதலில் பெட்டியைச் சுற்றி வந்தார், பிறகு குனிந்து அடியைத் தட்டிப் பார்த்தார்.

"பற்றறி எங்கை?"

"பற்றறி இல்லை. சாவிதான்."

"குழலுக்குள்ளை?"

நான் குழலுக்குள் கையை விட்டு, "ஆமிக்காரன் ஒருத்தன் சம்மணம் கட்டி இருக்கிறான் மனேச்சர், கூப்பிடவோ?" என்றேன். சனம் சிரித்தது. மனேச்சர் சிரிக்கவில்லை.

துவாய் இல்லாமல் ஆங்கிலேயன் முழுக்குரலில் கத்தினான். வேலியில் நின்ற காகங்கள் எழும்பிப் பறந்தன. மனேச்சர் தலையைச் சரித்து, கண்ணை மூடி, ஒவ்வொரு சொல்லையும் பிடித்துப் பார்க்கிற மாதிரி நின்றார். அவருக்கு ஆங்கிலம் என் அளவுக்குத்தான் தெரியும் என்பது எனக்குத் தெரியும். ஒரு பக்கம் முடிந்ததும், "மற்றப் பக்கம் போடுங்கோ" என்றார். அதுவும் முடிந்தது. "இன்னொருக்கால் முதல் பக்கம்." இரண்டு தரமும் அதே இடத்தில் அதே மூச்சு வாங்கலைக் கேட்டபிறகுதான் அவருடைய தோள் இறங்கியது.

"சரி. நாடகந்தான்" என்றார். கூட்டாளியின் தகப்பனைப் பார்த்து, "நீங்கள் இருங்கோ" என்றும் சொன்னார். வேலியருகே தாய் கையிலிருந்த கயிற்றைக் கீழே வைத்தா.

சனம் கலைந்தது. மனேச்சர் மட்டும் போகவில்லை. கிராமபோனின் குழலைத் தடவிக்கொண்டு நின்றார்.

"ஐயா, என்ரை மகள் பெரிசாயிட்டாள், வாற கிழமை சாமத்தியவீடு. தங்கச்சி வீட்டிலை பழைய பாட்டுத் தட்டுக் கொஞ்சம் கிடக்குது. உதை ஒருக்கால் இரவலாத் தருவியளோ?"

ஐயா என்னைப் பார்த்தார். நான் மாமரத்தைப் பார்த்தேன். "ஓம்" என்று சொல்ல அவருக்கு ஒரு தட்டின் ஒரு பக்கம் ஓடுகிற நேரம் பிடித்தது.

கிராமபோன் போனது. சாமத்தியவீடு முடிந்து மனேச்சரின் மச்சான் வீட்டுக் கலியாணம், அது முடிந்து வேறெங்கோ ஒரு திருவிழா என்று அது போய்க்கொண்டேயிருந்தது. ஒருநாள் பின்னேரம் கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு அந்த வழியால் வந்தேன். ஐயாவின் உள்ளறையிலிருந்து ஆங்கிலக் கத்தல் கேட்டது. இரைச்சல் இல்லை, கிறீச் இல்லை, கத்தல் மட்டும். நான் படலைக்கு ஓடினேன். கூட்டாளி படலையில் ஒன்றும் நடக்காதவன் மாதிரி நின்றான்.

"டேய், மிசின் ஊர் சுத்தப் போயிட்டுது. அப்ப உள்ளுக்கு நிண்டு கத்திறது ஆரடா?"

"ஐயாதான்ரா, ராசாவும் அவர்தான், ராசாவைக் குத்திறவனும் அவர்தான்."